உறை ஊற்றிய தொப்பை

ஒரு மழை மத்தியானம் முழுக்கத் திருநெல்வேலி ஜில்லாவுக்கே என் தொப்பைதான் மின்சாரம் கொடுத்தது. பாபநாசம் அணையை மூடிவிட்டு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தால் போதும் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள். நான் இருமினால் பாளையங்கோட்டையில் விளக்கு மினுங்கியது. ஒரே ஒரு தும்மல் போட்டேன், தென்காசியில் இரண்டு மிக்ஸி புகைந்துபோயிற்று.

நம்பாதவர்கள் கையைத் தூக்கலாம். பூங்கனியின் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், மண்டபத்துப் பந்தியில் இதைச் சொல்லி முடித்தபோது வரிசையில் இருந்த அத்தனை பேரும் தூக்கினார்கள், சிலர் முழங்கை வரை சாம்பார் வடிய. என் மச்சினன் கோமதிநாயகம் மட்டும் இரண்டு கையையும் தூக்கினான்.

"அத்தான், வடைய முழுங்கிட்டுப் பொய் சொல்லுங்க. தொண்டையில சிக்கிரும்."

கோமதி ஒரு நூற்பாலையில் மின்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள், அவன் டெஸ்டர் வைத்திருப்பான். நான் இந்தக் கதையைச் சொல்லும் இடத்திலெல்லாம் கூடவே வந்து நின்று, கடைசியில் "அது பாட்டரி" என்று ஒரு வார்த்தை போட்டுக் கவிழ்ப்பதுதான் இத்தனை வருஷமாக அவனுக்கு உத்தியோகம்.

ஜில்லா என்பது கொஞ்சம் கூடுதல்தான். மிக்ஸியும் அப்படியே. மீதியெல்லாம் நடந்தது. என் பெயர் பூதலிங்கம், பெயருக்கேற்ற உடம்பு, அந்த உடம்பின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

பட்டைகள் போன தை மாதத்தோடு சட்டப்படி நின்றுவிட்டதால், இனிமேல் பிறக்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்லித்தான் ஆகவேண்டும். இடுப்பில் கட்டுகிற அகலமான துணிப்பட்டை அது. உள்பக்கம் முடியைவிட மெல்லிய ஊசிகள். ஊசிகளுக்குள் ஒரு நொதி. கொழுப்பு அமிலம் என்பது நீளமான சங்கிலி. நொதி அதைப் பிடித்து இரண்டு இரண்டு கண்ணியாக நறுக்கும். நறுக்கும்போதெல்லாம் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்றுவரும். உடம்பு அவற்றை ஆக்சிஜனிடம் ஒப்படைத்து, அதில் வருகிற சக்தியில் நடக்கும், சிரிக்கும், மச்சினனோடு சண்டை போடும். பட்டை செய்தது ஒரு சின்ன வழிப்பறி. எலக்ட்ரான்களை நடுவழியில் மறித்து ஒரு வயர் வழியாகச் சுற்றிவரச் செய்தது. அந்த வயரில் பல்பை மாட்டினால் பல்பு எரியும்.

முதலில் பணக்காரர்கள் கட்டிக்கொண்டார்கள். தொப்பையும் கரைந்தது, வீட்டில் ஃபேனும் ஓடியது. தேசமே கொண்டாடியது. நொதியின் வேகத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருஷம் குந்தியிருந்த எனக்குக்கூட யாரோ மாலை போட்டார்கள். பணக்காரர்களின் தொப்பை தீர்ந்ததும் கம்பெனி கொட்டகைகள் போட்டது. காலையில் எண்ணெய் மிதக்கும் கஞ்சி கொடுப்பார்கள். குடித்துவிட்டு நாள் முழுக்க வயரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கஞ்சியில் ஊறுவதைவிடப் பட்டையில் போவது எப்போதும் கொஞ்சம் அதிகம். ஊரில் குண்டான மனுஷரைப் பார்ப்பதே அபூர்வமாயிற்று. பெண் பார்க்கப் போகிறவர்கள் நகையை விசாரிப்பதற்கு முன்னால் "பொண்ணுக்கு இடுப்புல சதை உண்டும்லா?" என்று விசாரித்தார்கள்.

நான் மட்டும் கட்டவில்லை. என் தொப்பை என் சொந்த உழைப்பு. அல்வாவாகவும் சொதியாகவும் நானே முன்னின்று கட்டி எழுப்பியது. எங்கள் தெருவில் கடைசியாக நின்ற தொப்பை அது. வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது "அந்தத் தொப்பைக்கு எதுத்த வீடு" என்பார்கள்.

அன்றைக்கு நானும் கோமதியும் அம்பாசமுத்திரத்தில் ஒரு துட்டி வீட்டுக்குப் போய் துக்கம் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். விடாத மழை. சேரன்மகாதேவி தாண்டி ஒரு பாலத்தில் ஏறினோம். ஏறியதும் முன்னாலும் ரோடு இல்லை, பின்னாலும் இல்லை. தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. பாலம் மட்டும் நடு ஆற்றில் தீவு மாதிரி நின்றது. அதன்மேல் எங்கள் பஸ், எங்களுக்கு முன்னால் ஓர் ஆம்புலன்ஸ். வேறு எதுவும் இல்லை.

சற்று நேரத்தில் ஆம்புலன்ஸிலிருந்து ஒரு நர்ஸ் நனைந்துகொண்டே ஓடிவந்து பஸ் படியில் ஏறினாள். ஜெபசெல்வி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"பட்டை கட்டினவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு பச்சப்பிள்ளைக்கு வேணும்."

ஆளாளுக்கு வெறும் இடுப்பைத் தட்டிக் காட்டினார்கள். கொட்டகைக்காரர்கள் பகலில் பஸ்ஸில் ஏன் போகப் போகிறார்கள்? நான் எழுந்தேன். சீட்டுக்கும் எனக்கும் நடந்த சின்னப் போராட்டத்துக்குப் பிறகு முழுதாக நின்றேன்.

"பட்டை இல்லம்மா. ஆனா சரக்கு இருக்கு."

"அத்தான், உக்காருங்க," என்றான் கோமதி. ஆனாலும் பின்னாலேயே வந்தான்.

ஆம்புலன்ஸுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், மாதம் முடியாமல் காலையில் பிறந்த ஒரு பெண் குழந்தை. என் உள்ளங்கையில் படுக்க வைத்தால் விரல்கள் மிச்சம் இருக்கும். மூக்கில் குழாய். ஒரு சின்ன மிஷின் அதற்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பெட்டியைச் சூடாகவும் வைத்திருந்தது. தாய் பிரசவித்த இடத்திலேயே மயக்கமாகக் கிடக்க, தகப்பன் அவள் பக்கத்தில் இருக்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையோடு வந்தது அதன் அத்தை இசக்கி. எஞ்சினில் தண்ணீர் ஏறி வண்டி நின்றுவிட்டது. பாட்டரியும் தீர்ந்தது. இசக்கி கொட்டகையில் வேலை பார்ப்பவள். தன் பட்டை வயரை வண்டிச் சுவரில் இருந்த பிளக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதிலிருந்து மிஷின் அவள் உடம்பில்தான் ஓடுகிறது.

அவள் உடம்பு என்று ஒன்று இருந்தால்தானே. சேலைக்குள் எலும்பைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் தாங்குவேன் அண்ணாச்சி," என்றாள்.

"தாங்க மாட்டா சார்," என்றாள் ஜெபசெல்வி. "இவளுக்குக் கொழுப்பு தீந்துட்டு. இனிமே பட்டை நரம்பு மேல உள்ள உறையைத்தான் தேடும். இப்பவே விரலு மரத்துப்போச்சுங்கா. கழட்டுன்னா கேக்க மாட்டேங்கா."

"கழட்டினா பிள்ளைக்கு மூச்சு நின்னுரும்லா. எங்க மதினி முகத்துல நான் எப்படி முழிக்க?"

கோமதி டெஸ்டரை எடுத்து எங்கெங்கோ வைத்துப் பார்த்தான். "பாட்டரி சுத்தமா செத்துட்டு. இதுல ஒரு குண்டு பல்பு கூட எரியாது," என்றான். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவன் மறந்துவிட்டதாகத்தான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இசக்கியின் பைக்குள் கொட்டகையில் கொடுத்த புதுப் பட்டை ஒன்று, பிரிக்காத உறைக்குள் இருந்தது. நான் அதைக் கிழித்து இடுப்பில் கட்ட ஆரம்பித்தேன். சுற்றளவு போதவில்லை. கோமதியின் துண்டை முடிந்து நீட்டிக்கொண்டோம்.

"சார், புதுப் பட்டை உடம்புல பிடிக்க ஒரு மண்டலம் ஆகும்," என்றாள் நர்ஸ். "அதுவரைக்கும் ஒரு சொட்டு கரண்ட் வராது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எல்லாருக்கும் தெரிஞ்சது தப்பும்மா. பால் தானா தயிராகுமா?"

"பாலா?" என்றாள். "உறை ஊத்தணும்."

"ஊத்தலைன்னா?"

"கெட்டுப்போகும். இல்லைன்னா ரொம்ப நாளாகும். சார், இப்ப எதுக்கு பாலு?"

"இந்த நொதி சரியான தூங்குமூஞ்சி. அது எரிச்சுக் கழிச்ச கொழுப்புல ஒரு துளி அது மேல பட்டாத்தான் முழிக்கும். யாரும் ஊத்தலைன்னா எப்பவாவது ஒண்ணு தானா முழிக்கும். அது ரெண்டை எழுப்பும், ரெண்டு நாலை எழுப்பும். ஆமை வேகத்துல போயி ஒரு மண்டலம் ஆகுது. இசக்கி பட்டை ஓடுற பட்டை. அதுல இருந்து ஒரு துளி எடுத்து என் பட்டையில விட்டா, இப்பவே முழிக்கும்."

"இது கம்பெனிக்காரங்களுக்குத் தெரியாதா?"

"அவனுவ அளக்கது நொதி ஓடத் தொடங்கின பொறவு உள்ள வேகத்தை. அதுக்கு முன்னால கிராஃபுல ஒரு தட்டைக் கோடு வரும். மிஷின் சூடாகுதுன்னு நெனைச்சு அழிச்சிருவானுவ. நான் முப்பது வருஷமா அந்தத் தட்டைக் கோட்டைத்தாம்மா பாத்தேன்."

"எங்கக்கா சொல்லுவா," என்றான் கோமதி. "ஒண்ணுமே நடக்காததைப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு எங்க வீட்டுக்காரருக்குச் சம்பளம்னு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஒருத்தர் பட்டையில உள்ளது இன்னொருத்தர் உடம்புக்குள்ள போகக்கூடாது சார். அது விதி. ஒங்களுக்கு என்னமாவது ஆயிட்டுன்னா நான் பதில் சொல்லணும்."

அப்போது இசக்கியின் தலை சாய்ந்தது. மிஷினின் சத்தம் இழுத்துக்கொண்டு மெலிந்தது. பெட்டிக்குள் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி, இறங்க யோசித்தது. ஜெபசெல்வி அதைப் பார்த்தாள், என் தொப்பையைப் பார்த்தாள்.

"ஊத்துங்க," என்றாள்.

பட்டையின் கீழே விரல்நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. எரிந்து கழிந்த கொழுப்பு அதில் வடியும். இசக்கியின் குப்பியில் மஞ்சளாக ஒரு துளிதான் இருந்தது. பழைய பஜ்ஜி எண்ணெய் வாடை. நர்ஸ் அதை ஊசியில் உறிஞ்சி என் பட்டைக்குள் விட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதில் உலகத்திலேயே எனக்கு நிகரான அனுபவசாலி கிடையாது. ஆனால் அன்றைக்குப் போல அது என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. முப்பது வருஷம் நான் சொன்னது தப்பாக இருந்தால் தப்பு காகிதத்தோடு போயிருக்கும். இங்கே அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது.

பிறகு தொப்புளைச் சுற்றி யாரோ மிளகாய்ப்பொடி தடவியது மாதிரி ஒரு காந்தல். காந்தல் பரவியது. உட்கார்ந்த இடத்திலேயே மலை ஏறுகிறவன் மாதிரி எனக்கு மூச்சு இரைத்தது.

"முழிச்சிட்டு," என்றேன். "மாட்டு."

நர்ஸ் இசக்கியின் வயரைப் பிடுங்கினாள். மிஷின் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. என் வயரைச் சொருகினாள். மிஷின் ஒரு விக்கல் விக்கியது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று ஓடியது. குழந்தையின் நெஞ்சு இறங்கி ஏறியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பெட்டியை இன்னும் சூடாக்கும்மா. மேல உள்ள லைட்டையும் போடு. பஸ்ஸுக்கும் ஒரு வயர் இழு," என்றேன். நர்ஸ் லைட்டைப் போட்டாள். மிஷின் முனகியது, உடனே அணைத்தாள்.

"இவ்வளவு பெரிய தொப்பைக்கு இவ்வளவுதானா சார்?"

அந்தக் கேள்வி இன்னும் உள்ளே குத்துகிறது. ஆனால் பதில் எனக்குத் தெரியும். "ரேஷன் கடையில அளந்து போடுதவன் ஒருத்தன்தான். வரிசை தெரு முனை வரைக்கும் நின்னா மட்டும் அவன் கை வேகமாவா ஓடும்? நொதியும் அப்படித்தான். ஒரு அளவுக்கு மேல கொழுப்பு எவ்வளவு நின்னாலும் வேகம் கூடாது. எனக்கு வரிசை நீளம், அவ்வளவுதான். இசக்கிக்குக் கடையே காலி."

அதாவது, அந்த எலும்புக்கூட்டுப் பெண் இத்தனை நேரமும் கொடுத்தது நான் கொடுத்ததற்கு ஒரு பொட்டுக்கூடக் குறையாது. இதை நான் எல்லா இடத்திலும் சொல்வதில்லை.

அதற்குள் கோமதி இறங்கி மழையில் வண்டியின் முன்பக்கம் போனான். சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். "என்னடே?" என்றேன். "சும்மா பாட்டரியைப் பாத்தேன்," என்றான். உட்கார்ந்து, இசக்கியின் மரத்துப்போன விரல்களைத் தேய்த்துவிட ஆரம்பித்தான்.

இருட்டுவதற்குள் படகு வந்தது. அதுவரைக்கும் நான் இரைத்தேன், வியர்த்தேன், பேசினேன். படகிலும் பட்டையைக் கட்டிக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரி வரை போனேன். அங்கே வேறு மிஷினில் போட்ட பிறகுதான் பட்டையைக் கழற்றினேன். கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கோமதி அதை வாங்கிக்கொண்டு வாசலில் ஓடிய வெள்ளத்துக்குப் போனான், வெறுங்கையோடு வந்தான். "கை வழுக்கிட்டு அத்தான்," என்றான். கண்காட்சியில் வைக்க வேண்டிய பட்டை அது.

"எனக்கு இருபது கிலோ கரைஞ்சிருக்கும்லா?" என்று கேட்டேன்.

"நூறு கிராம் இருக்கும். ரெண்டு உளுந்தவடை."

சரிதான். அந்தக் குழந்தைக்கு ஒரு மத்தியானத்து உயிர் இரண்டு உளுந்தவடை எடை. இசக்கி மாதிரி ஆட்கள் எத்தனை மத்தியானம் யார் யார் வீட்டு ஏசிக்காகக் கொடுத்தார்கள் என்பதை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தி பரவிப் பட்டைக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் என் வீட்டுக்கு வந்தான். கோட்டு போட்டிருந்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "புதுப் பட்டை உடனே எப்படி சார் ஓடியது?" என்று கேட்டான். இதற்காகத்தானே காத்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஆரம்பித்து, தென்காசி மிக்ஸி வழியாக, உறைமோர் வரைக்கும் விஸ்தாரமாகச் சொன்னேன். அவன் மெதுவாக கோமதி பக்கம் திரும்பினான்.

"அது பாட்டரிங்க," என்றான் கோமதி. "செத்த பாட்டரி கொஞ்ச நேரம் சும்மா கெடந்தா லேசா தேறும். அதுல ஓடியிருக்கு. இவரு ரிட்டயர்டு ஆனதுல இருந்து இப்படித்தான்."

நர்ஸிடமும் போய்க் கேட்டிருக்கிறான். விதியை மீறி ஊற்றியவள் அல்லவா, மிஷின் ஓடியது தெரியும், எதில் ஓடியது என்று உள்ளேயிருந்து எப்படித் தெரியும் என்று அவள் சொல்லிவிட்டாள். இசக்கி மயக்கத்தில் இருந்தவள். பட்டையோ வெள்ளத்தோடு போயிற்று. கோட்டு ஆள் என் தோளைத் தட்டி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். கோமதியோடு நான் அடுத்த பொங்கல் வரை பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் சபை சபையாக என்னைக் கவிழ்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது அந்த மண்டபத்துக்கு வருகிறேன். எல்லாரும் கையை இறக்கிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தபோது, கல்யாணப் பெண்ணே பந்திக்கு வந்துவிட்டாள். மருதாணிக் கையை விரித்துப் பிடித்தபடி கோமதியின் இலைக்கு எதிரே வந்து நின்றாள், அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். பூங்கனி. என் பெயரில் உள்ள 'பூ'வை எடுத்து வைத்தார்கள் என்பது என் கட்சி. அவள் குலதெய்வத்தின் பெயர் என்பது கோமதி கட்சி.

"மாமா, நெசத்தைச் சொல்லுங்க. நாளைக்குத் தாலி கட்டி முடிஞ்சதும் மொதல்ல யாரு கால்ல விழணும்னு கேக்காவ. என்னை உசுரோட வச்சவங்க கால்லதான் விழுவேன்னு சொல்லிட்டேன். பாட்டரி கால்லயா விழ முடியும்?"

பந்தி சிரித்தது. கோமதி சிரிக்கவில்லை. இலையை மடித்தான்.

"கம்பெனி கதவை அடைச்சிட்டானுவல்லா?" என்று என்னைக் கேட்டான்.

"தையிலேயே அடைச்சாச்சே."

"அப்ப சரி." பூங்கனியைப் பார்த்தான். "பட்டை கட்டுனவனுக்கு ஒரு மண்டலம் கரண்ட் வராதும்மா. காய்ச்சலு, குமட்டலு. பாதிப் பேரு அந்த நாளைக்குள்ள மனசு மாறி, பட்டையை வீசிட்டு ஓடிருவான். அதுலதான் பல பேரு தப்பிச்சான். ஒரு துளி ஊத்தினா அன்னைக்கே ஓடும்னு அந்தக் கோட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருந்தா, தெருத்தெருவா குப்பியோட நின்னிருப்பான். காலையில கட்டிச் சாயங்காலம் கறந்திருப்பான். யோசிக்க ஒருத்தனுக்கும் நேரம் இருந்திருக்காது. ஒங்க பெரியப்பா வாயை என்னால மூட முடியாது. அதனால அதை யாரும் நம்பாம பாத்துக்கிட்டேன்."

வாய்க்குக் கொண்டுபோன வடையை இலையிலேயே திருப்பி வைத்தேன். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்திருக்கும். ஒன்றுமே நடக்காத அந்தத் தட்டைக் கோட்டை நான் முப்பது வருஷம் பார்த்தேன். அதற்குள் மனுஷர்கள் தப்பித்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் இவன். எனக்குப் பெண் கொடுத்த குடும்பம் லேசுப்பட்டதில்லை என்று அப்போது ஒரு பெருமை வந்தது பாருங்கள், தொப்பை இன்னும் இரண்டு அங்குலம் முன்னால் போயிற்று.

"அப்ப பட்டை?" என்றேன். "கை வழுக்குனது?"

"என் கை எங்க அத்தான் வழுக்கும்? முப்பத்திரெண்டு வருஷம் ஸ்பானர் பிடிச்ச கை."

"பாட்டரி தேறியிருந்தா?" என்றாள் பூங்கனி. அவளுக்கு இன்னும் சந்தேகம். நல்ல பெண்.

"தேறி என்ன செய்ய? செத்த பாட்டரி இவரு கரண்ட்டைப் பூரா உறிஞ்சிரும்னு, மழையில போயி அதோட வயரை நான்தான் கழட்டினேன். படகு வாற வரைக்கும் அந்த வண்டியில பாட்டரியே கெடையாது."

பரிமாறிக்கொண்டிருந்த இசக்கி பாயசத் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டாள். கொட்டகையை விட்டு வந்து, இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு, இப்போது அவளுக்கும் இடுப்பில் அழகாக ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. கோமதி அவளைக் கை காட்டினான்.

"மொதல்ல ஒங்க அத்தை கால்ல விழு. உறை அவளுது. பொறவு இவரு கால்ல விழு, குனிஞ்சா இவருக்கே தெரியாத காலு. அவரு சொன்னது நடந்ததுதாம்மா, நான் கண்ணால பாத்தேன். அந்தத் தென்காசி மிக்ஸியை மட்டும் நான் ஒத்துக்கிட மாட்டேன்."